தொடக்கநிலை இரைப்பைப் புற்றை எண்டோஸ்கோப்பியில் எடுப்பது: ஸ்னேரா, கத்தியா, அறுவையா?

பயாப்ஸி முடிவு வந்துவிட்டது. இரைப்பையில் புற்றுநோய் இருக்கிறது, ஆனால் தொடக்கநிலை. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, வாய் வழியாக எண்டோஸ்கோப்பியை விட்டே எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். நிம்மதிதான். அப்புறம்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஈஎம்ஆர், அதாவது கம்பிச் சுருக்கால் (ஸ்னேர்) கட்டியை வெட்டி எடுப்பது போதும் என்கிறார் ஒருவர். ஈஎஸ்டி, அதாவது சிறு மின்கத்தியால் கட்டியை அடியிலிருந்து பிரித்தெடுப்பதுதான் செய்ய வேண்டும் என்கிறார் இன்னொருவர். எதற்கு வம்பு, அறுவையே செய்துவிடலாம் என்கிறார் மூன்றாமவர். மூவர் சொல்வதிலும் நியாயம் இருப்பது போலத் தெரியும்.

இந்தக் கட்டுரை அந்த வழிகளையும் அவற்றில் பயன்படும் கருவிகளையும் ஒப்பிடுகிறது. என் பார்வையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த முறை வேகமானது, எந்தக் கத்தி புதியது என்பதெல்லாம் பிறகு பார்க்க வேண்டியவை. எடுத்த திசு ஒரே துண்டாக, சுற்றிலும் நல்ல ஓரத்தோடு, பெத்தாலஜிஸ்ட் (திசுவை நுண்ணோக்கியில் ஆராயும் மருத்துவர்) படிக்கக்கூடிய நிலையில் மேசைக்கு வந்து சேருமா என்று முதலில் கேட்க வேண்டும். மீதித் தேர்வுகளில் பெரும்பாலானவை அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டே வந்துவிடும்.

முதலில் நிணநீர்க் கணு

இரைப்பைச் சுவரில் உள்ளிருந்து வெளியே வந்தால் முதலில் சளிப்படலம், அதன் கீழே தளர்வான கீழ்ச்சளிப்படலம், அதற்கு அப்பால் தசை. புற்று இந்த முதல் இரண்டு அடுக்குகளைத் தாண்டாமல் இருந்தால் அது தொடக்கநிலை. ஜப்பானிய எண்டோஸ்கோப்பி மருத்துவர்கள் 1962இல் வகுத்த வரையறை இது, இன்றும் அதுவே நடப்பில் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நிணநீர்க் கணுவுக்குப் புற்று பரவியிருக்கிறதா இல்லையா என்பதை இந்த வரையறை கணக்கில் எடுப்பதே இல்லை. ஆகவே தொடக்கநிலை என்று சொன்ன உடனேயே எண்டோஸ்கோப்பி போதும் என்று ஆகிவிடாது. எண்டோஸ்கோப்பி சுவரிலிருப்பதை மட்டும்தான் எடுக்கும், வெளியே இருக்கும் கணுவைத் தொடாது.

யாருக்குக் கணுவில் பரவல் இருக்க வாய்ப்பே இல்லை? இதற்கு உறுதியான அடித்தளம் போட்டது 2000ஆம் ஆண்டில் கோட்டோடா குழுவினர் வெளியிட்ட ஆய்வு. அறுவை செய்து கணுக்களையும் எடுத்த 5,265 நோயாளிகளின் திசுக்களை அவர்கள் அலசினார்கள். சளிப்படலத்தோடு நின்ற புற்றில் 2.2 சதவீதம் பேருக்குக் கணுவில் பரவல் இருந்தது. கீழ்ச்சளிப்படலத்துக்குள் போனவர்களில் அது 17.9 சதவீதம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு ஒரு மெல்லிய தசை இழைதான், ஆனால் கணக்கு எட்டு மடங்கு மாறிவிடுகிறது.

அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. நன்கு வேறுபட்ட (இயல்பான செல்லின் சாயல் இன்னும் மாறாத) செல்களைக் கொண்ட, சளிப்படலத்துக்குள் மட்டும் இருக்கும், 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது 1,230 பேரில் ஒருவருக்குக்கூடக் கணுவில் பரவல் இல்லை. புண் இல்லாத அதே வகைக் கட்டிகளில், அளவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், 929 பேரில் பூஜ்யம். எண்டோஸ்கோப்பி சிகிச்சையின் இன்றைய எல்லைக்கோடுகள் எல்லாம் கிட்டத்தட்ட இந்தப் பூஜ்யங்களின் மேல்தான் நிற்கின்றன.

ஆகவே டாக்டர் கத்தியைப் பற்றி யோசிக்கும் முன் நான்கு விவரங்களைச் சேர்ப்பார்: செல் வகை, ஆழம், அளவு, புண் அல்லது புண்ணின் தழும்பு இருக்கிறதா என்பது. செல் வகையைப் பயாப்ஸி சொல்லும். அளவையும் எல்லையையும் உருப்பெருக்கி எண்டோஸ்கோப்பும் குறுகிய அலைப்பட்டை ஒளியும் காட்டும். ஆழம் பெரும்பாலும் கண் மதிப்புதான். அனுபவசாலிகளுக்கே அதில் தவறு வரும் என்பதை மறக்க வேண்டாம், பின்னால் இது முக்கியமாக வரப்போகிறது.

ஸ்னேர் வழி

ஈஎம்ஆர் என்பதன் அடிப்படை எளிது. கட்டிக்குக் கீழே ஊசியால் திரவத்தைச் செலுத்தினால் சளிப்படலம் தசையை விட்டு மேலே எழும்பும். எழும்பிய மேட்டைக் கம்பிச் சுருக்கான ஸ்னேரில் மாட்டி, மின்சாரம் கொடுத்து வெட்டி எடுத்துவிடலாம். 1984இல் ஜப்பானில் வந்த முறையில் இரண்டு வழி உள்ள எண்டோஸ்கோப்பின் ஒரு வழியில் பிடிகருவியை விட்டுக் கட்டியைத் தூக்கிப் பிடித்து, மறு வழியில் ஸ்னேரைப் போட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் தொப்பி வைத்த முறை வந்தது. எண்டோஸ்கோப்பின் முனையில் மாட்டிய ஒளி ஊடுருவும் தொப்பியின் விளிம்பில் ஸ்னேரை முன்கூட்டியே வட்டமாக உட்கார வைத்து, கட்டியை உறிஞ்சித் தொப்பிக்குள் இழுத்து, சுருக்கை இறுக்குவார்கள். உறிஞ்சிய திசுவின் அடியில் ரப்பர் வளையம் போட்டு, அதன் கீழே வெட்டும் முறையும் உண்டு.

இந்த வழியின் நன்மைகள் சாதாரணமானவை அல்ல. வேலை சீக்கிரம் முடியும். கருவிகள் மலிவு. கற்றுக்கொள்ள எளிது. இரைப்பைச் சுவரில் ஓட்டை விழும் ஆபத்து குறைவு, பல ஆய்வுகளில் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. மயக்கத்தில் நெடுநேரம் வைத்திருக்க முடியாத வயதானவருக்கு இது பெரிய விஷயம்.

சிக்கல் ஸ்னேரின் அளவில் இருக்கிறது. ஒரே பிடியில் எவ்வளவு திசு அதற்குள் அடங்குமோ அவ்வளவுதான் ஒரே துண்டாக வரும். கட்டி ஒன்றரை, இரண்டு செ.மீ.யைத் தொட்டாலே இரண்டு மூன்று துண்டுகளாக எடுக்க வேண்டியதாகிவிடும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் இரைப்பையில் ஈஎம்ஆர் முறையில் ஒரே துண்டாக எடுக்க முடிந்தது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். துண்டுதுண்டாக வந்த திசுவைப் பெத்தாலஜிஸ்ட் படிப்பது கிழித்துப்போட்ட கடிதத்தை ஒட்டிப் படிப்பது போன்றது. ஓரம் எது, நடுப்பகுதி எது, வெட்டுக்கோட்டில் புற்று இருக்கிறதா, அல்லது அது இரண்டு துண்டுகளுக்கு நடுவே மின்சாரத்தில் கருகிய இடமா என்று அவரால் அடித்துச் சொல்ல முடியாது. அதே இடத்தில் புற்று திரும்ப வருவதும் துண்டாக எடுத்தவர்களுக்கே அதிகம்.

அதனால் ஈஎம்ஆர் காலாவதியான முறை என்று நான் சொல்லமாட்டேன். அதன் இடம் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். ஜப்பானிய வழிகாட்டி 2 செ.மீ. வரையிலான, புண் இல்லாத, நன்கு வேறுபட்ட வகைக் கட்டிகளுக்கு ஈஎம்ஆர், ஈஎஸ்டி இரண்டையும் ஏற்கிறது. ஐரோப்பிய வழிகாட்டி இன்னும் கறார்: ஏறத்தாழ 1 செ.மீ.க்கு உட்பட்ட, கடுமையான புற்றாக இருக்க வாய்ப்புக் குறைந்த கட்டிகளுக்கு மட்டும் ஈஎம்ஆர், மற்றவற்றுக்கு ஈஎஸ்டி. என்னைக் கேட்டால் ஐரோப்பியர் பக்கம்தான் சாய்வேன். 1.8 செ.மீ. என்று எண்டோஸ்கோப்பில் மதிப்பிட்ட கட்டி மேசையில் 2.3 ஆக விரிவது ஒன்றும் அபூர்வமில்லை.

கத்தி வழி

ஈஎஸ்டி என்றால் சுருக்கு கிடையாது. கட்டியைச் சுற்றி முதலில் புள்ளி வைப்பார்கள், கண்ணுக்குத் தெரியும் எல்லைக்குச் சுமார் 5 மி.மீ. வெளியே. பிறகு திரவம் செலுத்தி, புள்ளிகளுக்கு வெளியே சளிப்படலத்தைச் சுற்றி வெட்டுவார்கள். அப்புறம் கீழ்ச்சளிப்படலத்துக்குள் நுழைந்து, கட்டியை அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் பிரிப்பார்கள். கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கொள்கையளவில் ஒரே துண்டு.

இதன் வேர் 1988இல் ஹிராவோ குழுவினர் செய்த முறையில் இருக்கிறது. அட்ரினலின் கலந்த அடர் உப்புக் கரைசலைச் செலுத்தி, ஊசிக் கத்தியால் சுற்றி வெட்டி, பிறகு ஸ்னேரால் எடுத்தார்கள். ஓட்டை விழும் பயத்தால் அது பரவவில்லை. 1990களின் பிற்பகுதியில் தோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தில் முனையில் பீங்கான் உருண்டை வைத்த ஐடி கத்தி வந்த பிறகுதான் கதை மாறியது. 2006இல் ஜப்பான் தேசியக் காப்பீட்டில் இரைப்பை ஈஎஸ்டியைச் சேர்த்துக்கொண்டது.

பலன் எப்படி? தொகுப்பாய்வுகளில் ஒரே துண்டாக எடுத்த விகிதம் 90 சதவீதத்துக்கு மேல். ஜப்பானில் 470 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஜேகாக் 0607 ஆய்வு, ஈஎம்ஆர் எல்லைக்குள் வராத, 2 செ.மீ.க்கு மேற்பட்ட அல்லது புண்ணுடன் கூடிய நன்கு வேறுபட்ட வகைக் கட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒரே துண்டாக எடுத்தது 99 சதவீதம். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 97 சதவீதம். முன்பெல்லாம் இவர்களுக்கு இரைப்பையில் பெரும்பகுதியையே வெட்டியிருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் எடை புரியும்.

விலையும் உண்டு. நேரம் அதிகம், ஒரு மணி நேரம் சாதாரணம், கடினமான இடத்தில் மூன்று மணி நேரம்கூட ஆகும். ஓட்டை விழுவது ஈஎம்ஆரைவிடச் சில மடங்கு கூடுதல். நடுவில் விழும் ஓட்டையைப் பெரும்பாலும் அங்கேயே கிளிப் போட்டு மூடிவிடலாம், சில நாள் பட்டினியும் ஆன்டிபயாட்டிக்கும் போதும். வேலை முடிந்து ஒரு நாள் கழித்து விழும் ஓட்டை அப்படியல்ல. அது அபூர்வம்தான், ஆனால் அறுவை அறைக்குப் போக வேண்டி வரலாம். ஓட்டையைவிட அடிக்கடி வருவது ரத்தக்கசிவு, ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு.

இரண்டுக்கும் நடுவே கலப்பு முறை ஒன்று இருக்கிறது. சுற்றிலும் கத்தியால் வெட்டி, ஓரளவு அடியில் பிரித்துவிட்டு, கடைசியில் ஸ்னேர் போட்டு முடித்துவிடுவது. 2 செ.மீ.யை ஒட்டிய கட்டிக்கு நேரம் மிச்சமாகும். ஆனால் ஸ்னேர் இறுக்கும் கணத்தில் அதன் அடிப்புறம் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆழத்தில் சந்தேகம் உள்ள கட்டிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தக் கத்தி?

இனி கருவிகள். இளம் எண்டோஸ்கோப்பி மருத்துவர்கள் அதிகம் வாதாடும் இடம் இதுதான். கத்திகளை மூன்று குடும்பமாகப் பார்த்தால் போதும்: முனை மூடியவை, முனை திறந்தவை, கத்தரி வகை.

முனை மூடிய குடும்பத்தின் தலைவர் ஐடி கத்தி. முனையில் இருக்கும் பீங்கான் உருண்டையில் மின்சாரம் பாயாது, ஆகவே முனை தசையில் முட்டினாலும் துளைக்காது. வெட்டுவது பக்கவாட்டுக் கம்பிதான். தொலைவில் கொண்டுபோய் வைத்து, தன்னை நோக்கி நீளமாக இழுத்து வெட்டலாம். அதனால் வேகம். முதல் ஐடி கத்தியில் குறுக்கு வாட்டில் வெட்டுவது கஷ்டமாக இருந்தது. பின்னர் வந்த ஐடி கத்தி 2இல் உருண்டையின் பின்புறத்தில் மூன்று குட்டி அலகுகளைப் பொருத்தியதும் அது பெரிதும் தீர்ந்தது. இதன் குறைகள் இரண்டு. தொடக்க வெட்டைத் தானே போட முடியாது, வேறொரு ஊசிக் கத்தியால் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். அப்புறம், உருண்டை திசுவுக்குள் மறைந்திருக்கும்போது கம்பி எங்கே வெட்டுகிறது என்பதைக் கை உணர்வால்தான் அறிய வேண்டும். பழகாத கைக்கு இது பார்க்காமல் வெட்டுவதற்குச் சமம்.

முனை திறந்த குடும்பம் பெரியது: டூயல் கத்தி, ஃபிளஷ் கத்தி, ஹுக் கத்தி, முக்கோண முனைக் கத்தி. டூயல் கத்தியில் இரைப்பைக்கான முனை 2 மி.மீ. மட்டுமே வெளியே நீட்டும், உள்ளே இழுத்துக்கொண்டால் அதையே வைத்துப் புள்ளி போடலாம், ரத்தக்கசிவை அடக்கலாம். வெட்டும் இடம் எப்போதும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். ஆனால் முனை தசைக்குச் செங்குத்தாக நின்றால் ஒரு சின்ன அசைவு போதும், ஓட்டை விழுந்துவிடும். எண்டோஸ்கோப்பைத் தசைக்கு இணையாக வைத்திருப்பதே இந்தக் கத்தியின் முழு வித்தை. ஹுக் கத்தி இழையைக் கொக்கியில் மாட்டித் தசையை விட்டு இழுத்துப் பிடித்த பிறகு வெட்டுகிறது. மெதுவானது, ஆனால் பழைய புண்ணின் தழும்பில் இழைகள் இறுகிக் கிடக்கும் இடத்தில் அதற்கு நிகர் குறைவு.

ஃபிளஷ் கத்தியும், நீர் பீய்ச்சும் வகை டூயல் கத்தியும் ஒரு தொல்லையைத் தீர்க்கின்றன. சாதாரணமாகத் திரவம் வற்றினால் கத்தியை வெளியே எடுத்து, ஊசியை உள்ளே விட்டு, செலுத்தி, மறுபடி கத்தியை விட வேண்டும். இவற்றில் கத்தியின் வழியாகவே திரவம் போகும். ஒரு மாற்றத்துக்கு அரை நிமிடம் என்றாலும் ஒரு கேஸில் அது எத்தனை தடவை வருகிறது என்று பார்த்தால் மிச்சம் கணிசம். ஹைப்ரிட் கத்தி இன்னும் ஒரு படி மேலே போய், அழுத்தமான நீர்த்தாரையை ஊசி இல்லாமலே திசுவுக்குள் ஏற்றிவிடும், அதற்கென்று தனி இயந்திரம் வேண்டும்.

கத்தரி வகையில் கிளட்ச் கட்டரும் எஸ்பி கத்தியும் பரவலானவை. கவ்வி, கொஞ்சம் தூக்கி, எதைக் கவ்வியிருக்கிறோம் என்று பார்த்துவிட்டு, பிறகு மின்சாரம். தவறாகக் கவ்வினால் விட்டுவிடலாம். ரத்தக்குழாய் எதிர்ப்பட்டால் அதே கருவியால் சுட்டு அடைக்கலாம். வெளிப்புறம் மின்காப்பிட்டது என்பதால் பக்கத்துத் திசு கருகாது. பொறுமையாகக் கற்றுக்கொள்பவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

நோயாளி இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? எதையும் வேண்டாம். உங்கள் டாக்டருக்கு எது கையில் பழகியிருக்கிறதோ அதுவே உங்களுக்கு நல்ல கத்தி. புதிய மாடல் வந்திருக்கிறது, அதை வைத்துச் செய்யுங்கள் என்று கேட்பது உதவாது. கட்டி இருக்கும் இடத்தில் அவர் எத்தனை செய்திருக்கிறார் என்று கேட்பது உதவும். ஏனென்றால் இடம் கத்தியைவிடப் பெரிய விஷயம். கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்தில் எண்டோஸ்கோப்பு எளிதாக நிற்கும், ரத்தக்குழாய்கள் மெல்லியவை. மேற்பகுதியின் பெரிய வளைவில் (இரைப்பையின் நீளமான வெளிவிளிம்பில்) கத்தி தசையைச் செங்குத்தாகச் சந்திக்கும், குழாய்கள் தடிமன், நோயாளி இடப்பக்கம் படுத்திருப்பதால் வழியும் ரத்தமும் நீரும் அங்கேயே தேங்கி நிற்கும். முதல் முப்பது கேஸ்களை ஆன்ட்ரத்திலேயே பழகச் சொல்வது இதனால்தான்.

கத்தியைவிடக் குறைவாகப் பேசப்படும் கருவிகள்

திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சலைன் மலிவு, ஆனால் சில நிமிடங்களில் கரைந்து பரவி மேடு தணிந்துவிடும். ஹயலூரானிக் அமிலம் நெடுநேரம் நிற்கும், விலை அதிகம். கிளிசரால் கரைசல் நடுத்தரம். இவற்றில் இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயத்தைச் சில துளி கலப்பார்கள். அதன் பயன் திரையில் பார்த்தால்தான் தெரியும்: வெட்டித் திறந்த இடத்தில் கீழ்ச்சளிப்படலம் இளநீலப் பஞ்சு போல விரிந்து நிற்க, அதன் குறுக்கே ரத்தக்குழாய் சிவப்பாக ஓடும், தரையில் தசை வெளிறிய வரிகளாகத் தெரியும். நீலத்தில் வெட்டு, சிவப்பைச் சுடு, வெளிறியதைத் தொடாதே. ஈஎஸ்டியின் பாதிப் பாடம் இந்த நிறங்களில் அடங்கிவிடும். ஊசி போட்டும் நீலம் பரவவில்லை, மேடு எழவில்லை என்றால் இரண்டில் ஒன்று: தழும்பு, அல்லது புற்று ஆழத்தில் ஊன்றியிருக்கிறது.

இழுவை இன்னொன்று. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் ஒரு கை இழுத்துப் பிடிக்க, மறு கை வெட்டும். எண்டோஸ்கோப்பில் கை ஒன்றுதான். பாதி பிரித்த ஓரத்தில் நூல் கட்டிய கிளிப்பைப் போட்டு, நூலை வாய் வழியாக வெளியே எடுத்து மெல்ல இழுத்தால் இரண்டாவது கை கிடைத்துவிடும். செலவு ஒரு கிளிப், ஒரு பல் நூல். ஜப்பானில் 640 பேரைக் கொண்டு நடந்த கனெக்ட்-ஜி ஆய்வு 2018இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் நேரத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் மேல், நடுப்பகுதியின் பெரிய வளைவில் மட்டும் பார்த்தால் சராசரி 104 நிமிடம் 57 ஆகக் குறைந்தது. ஓட்டை விழுவது மொத்தத்தில் 2.2 சதவீதத்திலிருந்து 0.3 ஆனது. பல லட்சம் பெறுமான கருவிகள் வரிசையாக நிற்கும் அறையில் இந்த நூலுக்கு நான் தனி மரியாதை கொடுப்பேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். எண்டோஸ்கோப் முனையில் ஒளி ஊடுருவும் ஹூட், அதாவது தொப்பி, இல்லாமல் ஈஎஸ்டி கிடையாது. காற்றுக்குப் பதில் கார்பன் டைஆக்சைடு ஊத வேண்டும், சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடும், ஓட்டை விழுந்தாலும் வயிற்றில் தங்காது. பெரிய குழாய்களுக்கு ரத்தம் அடக்கும் இடுக்கி. வேலை முடிந்ததும் அடித்தளத்தில் தெரியும் குழாய்களையெல்லாம் ஒருமுறை சுட்டு வைப்பது பின்னாளைய கசிவைக் குறைக்கிறது. மறுநாள் வழக்கமாக இன்னொரு எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பதால் கசிவு குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து சாப்பிடுகிறவர்களின் கணக்கு வேறு. வார்ஃபரின் அல்லது புதுவகை உறைவெதிர்ப்பு மாத்திரை, சிறுநீரக டயாலிசிஸ் ஆகியவை கசிவு ஆபத்தைப் பல மடங்கு ஏற்றுகின்றன. நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதை இதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்திவிட்டு வருவது பக்கவாதத்தில் முடியலாம்.

அறுவையோடு ஒப்பிட்டால்

கணுவில் பரவல் இருக்க வாய்ப்பில்லாத கட்டிக்கு ஈஎஸ்டியும் அறுவையும் ஐந்தாண்டு உயிர்வாழ்வில் ஏறக்குறைய சமம். வித்தியாசம் அன்றாட வாழ்க்கையில். ஈஎஸ்டி செய்தவருக்கு எட்டு வாரத்தில் புண் ஆறி, இரைப்பை முழுசாக இருக்கும். இரைப்பையின் பகுதியை இழந்தவருக்கு எடை குறைவு, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுவது, சாப்பாட்டுக்குப் பின் படபடப்பு, ரத்தசோகை என்று வரிசையாக வரலாம்.

அறுவைக்கும் பலம் உண்டு. கணுக்களையும் சேர்த்து எடுத்துவிடும். இரைப்பையே குறைந்துவிடுவதால் புதிதாக இன்னொரு புற்று முளைக்க இடமும் குறைவு. ஆழம் உறுதியாகக் கீழ்ச்சளிப்படலத்தின் அடிவரை போயிருக்கிறது என்று தெரிந்தால், இளம் வயதினர், மற்றபடி ஆரோக்கியமானவர் என்றால், ஈஎஸ்டியைப் பிடித்துத் தொங்க வேண்டாம். நேராக அறுவைதான் சரி. வேறுபடாத செல் வகையில் 2 செ.மீ.க்கு மேல் போனாலும் வழக்கமான பதில் அறுவையே. அதற்குக் குறைவான, புண் இல்லாத, சளிப்படலத்தோடு நின்ற வேறுபடாத வகையை இப்போது ஜப்பானிய வழிகாட்டி ஈஎஸ்டிக்கு ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஆழம் சந்தேகமாக இருந்தால்? இங்கே என் சாய்வு தெளிவானது: முதலில் ஈஎஸ்டி. ஒரே துண்டாக எடுத்துப் பெத்தாலஜியில் அளந்து பார்க்கலாம். தேவையென்றால் பிறகு அறுவை செய்துகொள்ளலாம், அந்த வழி அடைபடவில்லை. முதலில் அறுவை செய்துவிட்டு, ‘சளிப்படலத்தோடுதான் நின்றிருக்கிறது’ என்று ரிப்போர்ட் வந்தால் வெட்டிய இரைப்பையைத் திருப்பி ஒட்ட முடியாது.

ரிப்போர்ட் வந்த பிறகு

எடுத்த திசு உடனே சுருங்கும். அதனால் எண்டோஸ்கோப்பி அறையிலேயே அதைப் பலகையில் விரித்து, ஓரமெல்லாம் மெல்லிய குண்டூசி குத்தி, வாய்ப்பக்கம் எது, குடல் பக்கம் எது என்று எழுதி, ஃபார்மலினில் போடுவார்கள். பெத்தாலஜிஸ்ட் அதை 2 மி.மீ. இடைவெளியில் வரிசையாக அறுத்துப் பார்ப்பார். இந்தக் குண்டூசி வேலையில் அலட்சியம் காட்டும் இடத்தில் எவ்வளவு நல்ல கத்தி இருந்தாலும் பயனில்லை. ஓரம் சுருண்டு போன திசுவில் ஓரத்தைப் படிக்க முடியாது.

ரிப்போர்ட்டில் ஈக்யூரா என்ற பெயரோடு ஓர் எழுத்து இருக்கும், எடுத்தது போதுமா என்பதற்கான தரம் அது. ஏ என்றால் குணமானதாகவே எடுத்துக்கொள்ளலாம். பி என்றால் கீழ்ச்சளிப்படலத்துக்குள் 500 மைக்ரோமீட்டருக்குக் குறைவாக, அதாவது அரை மில்லிமீட்டருக்குள், நுழைந்த சிறிய நன்கு வேறுபட்ட வகை, இதுவும் நல்ல செய்திதான். சி-1 என்றால் துண்டாக எடுத்தது அல்லது பக்க ஓரத்தில் புற்று தொட்டது மட்டும் குறை. மறுபடி ஈஎஸ்டி, நெருங்கிய கண்காணிப்பு, அறுவை மூன்றும் பேசலாம். இவை எதிலும் அடங்காதது சி-2, அதுதான் கடினமான முடிவு. வழக்கமான பதில் கணுக்களோடு கூடிய அறுவை.

ஆனால் சி-2 எல்லோருக்கும் ஒரே ஆபத்து அல்ல. அதைப் புள்ளி போட்டு அளக்கலாம். நிணநீர்க் குழாயில் புற்று நுழைந்திருந்தால் 3 புள்ளி. அளவு 3 செ.மீ.க்கு மேல், அடிப்புற ஓரத்தில் புற்று, சிரை ரத்தக்குழாயில் நுழைவு, ஆழமான கீழ்ச்சளிப்படல நுழைவு ஆகியவற்றுக்குத் தலா 1. கூட்டுத்தொகை 0 அல்லது 1 என்றால் கணுவில் பரவல் இருக்க வாய்ப்பு 2.5 சதவீதம். 2 முதல் 4 வரை 6.7 சதவீதம். 5 அல்லது அதற்கு மேல் என்றால் 22.7 சதவீதம். எண்பது வயதில் இதயக் கோளாறோடு இருப்பவருக்கு 2.5 சதவீத ஆபத்துக்காக இரைப்பையை வெட்டுவது சரியா? அறுவையின் ஆபத்தே அதைவிட அதிகமாக இருக்கலாம். அதே ரிப்போர்ட் ஐம்பது வயதுக்காரருக்கு வந்தால் பேச்சே வேறு. ரிப்போர்ட் சி-2 என்றால் “எனக்கு எத்தனை புள்ளி?” என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கமாட்டார்கள், ஆனால் அதில் உள்ள விவரங்களைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம்.

ஏ கிடைத்தவருக்கும் இரைப்பை அப்படியே இருக்கிறது என்பதையும், புற்றை உண்டாக்கிய சூழலும் அதற்குள்ளேயே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை எண்டோஸ்கோப்பி. ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இருந்தால் மருந்து கொடுத்து ஒழிக்க வேண்டும். தென் கொரியாவில் எண்டோஸ்கோப்பியில் கட்டி எடுத்தவர்களிடம் நடந்த, 2018இல் வெளியான ஆய்வில் கிருமிக்கு மருந்து எடுத்தவர்களில் 7.2 சதவீதம் பேருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 13.4 சதவீதம் பேருக்கும் புதிய புற்று வந்தது. மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மூச்சுப் பரிசோதனை செய்து கிருமி போய்விட்டதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஈஎஸ்டி புண்ணுக்கு எட்டு வாரம் அமிலம் குறைக்கும் மாத்திரை எழுதியிருப்பார்கள் என்பதால், இந்தச் சோதனைக்கான தேதியை அதற்குப் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள்.